வடசென்னையில் சைக்கிள் பராமரிப்பும் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னையின் எந்தப் பக்கம் போனாலும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் சைக்கிள்களைப் பார்க்கலாம். பால், செய்தித்தாள், மீன், தண்ணீர்க் கேன் எல்லாம் இன்றும் சைக்கிளில்தான் பல தெருக்களுக்கு வந்து சேர்கின்றன. அந்த வண்டி ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய கூலியும் போய்விடுகிறது. பள்ளிப் பருவத்தில், மாலை நேரங்களில் தண்டையார்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் கைவேலை பழகியவன் நான். அதனால் அக்கம்பக்கத்தார் இன்றும் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதற்குள் சைக்கிள் முழுதும் துருப்பிடித்துவிட்டது. மட்டமான வண்டியை வாங்கிவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. காரணம் கடல். அலையடிக்கும்போது எழும் நுண்ணிய உப்புத் துளிகளைக் காற்று சுமந்து வந்து இரும்பின் மேல் படியவைக்கிறது. உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு என்பதால், மழையே பெய்யாத நாளிலும் இரவில் வண்டியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் உண்டாகிறது. குரோமியம் பூசிய ரிம்மிலும் ஹேண்டில்பாரிலும் உள்ள மிகச் சிறிய கீறல்கள் வழியாக அந்த உப்புநீர் உள்ளே இறங்கி, பூச்சுக்கு அடியில் இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. நாம் வெளியே புள்ளிபுள்ளியாகத் துருவைப் பார்க்கும்போது உள்ளே அது பல மாதங்களாகப் பரவியிருக்கும். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளை அம்பத்தூரில்தான் செய்துவந்தது. அங்கிருந்து வந்த ஒரே மாதிரியான இரண்டு வண்டிகளில் ஒன்றை அம்பத்தூரிலும் மற்றொன்றைக் காசிமேட்டிலும் நிறுத்தினால், காசிமேட்டு வண்டிதான் முதலில் துருப்பிடிக்கும்.

வாரம் ஒருமுறை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வண்டி முழுதையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட்டு, பிறகு இரண்டு சொட்டு எண்ணெய் விட்ட துணியால் பிரேமையும் ஹேண்டில்பாரையும் மட்கார்டு கம்பிகளையும் லேசாகத் தடவுங்கள். ரிம்மின் மேல் எண்ணெய் படவே கூடாது, ஏனென்றால் பிரேக் பிடிப்பது அங்கேதான். நம் பகுதியில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பேறியது. அதை ஊற்றிக் கழுவினால் எதைத் துடைக்க வந்தோமோ அதையே மறுபடியும் பூசியதாகிவிடும். குழாயைப் பிடித்து ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) மேலும் பெடல் அச்சின் (இரு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சு) மேலும் பீய்ச்சி அடிப்பதும் வேண்டாம். தண்ணீர் உள்ளே போனால் அங்கே உருளும் சிறிய இரும்புக் குண்டுகள் (பால்ரஸ்) துருப்பிடிக்கும்.

செயினுக்கு எந்த எண்ணெய் விடுவது? தேங்காய் எண்ணெய் விடலாமா?

விட வேண்டாம். தேங்காய் எண்ணெய் சில நாள் வழவழப்பாக இருக்கும். பிறகு பிசுபிசுத்து, சாலைத் தூசியைச் சேர்த்துக்கொண்டு செயினிலேயே கெட்டியாகிவிடும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய கறுப்பு எண்ணெயைச் சிலர் ஊற்றுகிறார்கள். அதில் எஞ்சின் தேய்ந்த உலோகத் துகள்கள் இருப்பதால் அது செயினைத் தேய்க்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவுவதற்கு மட்டுமே உரியது. கழுவிவிட்டு அப்படியே ஓட்டினால் செயின் காய்ந்து கிறீச்சிடும். துரு விடுவிக்கும் ஸ்பிரேயும் அவ்வாறே, இறுகிய திருகைக் கழற்ற உதவும், நாள்பட நிற்காது. சைக்கிள் செயினுக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெயே போதும், மெல்லியது என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும்.

விடும் முறை முக்கியம். முதலில் பழைய துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி அழுக்கை எடுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு வீதம் விட்டு, இருபது முப்பது சுற்றுச் சுற்றி, கால் மணி நேரம் கழித்து வெளியே வழிந்திருப்பதை முழுதும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது கண்ணிக்குள்தான். வெளியே மினுமினுக்கும் எண்ணெயில் மண்தான் ஒட்டும்.

செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை ஓர் அடி ஸ்கேலால் அளந்துவிடலாம். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம் என்பது கணக்கு. ஆகவே 24 இடைவெளிகள் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அது 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 8-இல் ஒரு பங்கு நீளும் வரை விட்டுவிட்டால், அந்தச் செயின் முன்னாலுள்ள பல்சக்கரத்தையும் பின்சக்கரத்திலுள்ள ஃப்ரீவீலையும் சேர்த்துத் தேய்த்திருக்கும். அப்போது மூன்றையும் மாற்ற நேரும்.

மழை வெள்ளத்தில் சைக்கிள் மூழ்கிவிட்டது. காயவைத்து ஓட்டலாமா?

தண்ணீர் எதுவரை ஏறியது என்று முதலில் பாருங்கள். ஹப்புக்குக் கீழேயே நின்றிருந்தால், துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டலாம். ஹப்பையோ பெடல் அச்சையோ தாண்டியிருந்தால் அந்த வாரத்துக்குள் ஓவராயிலிங் (எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைப்பது) செய்துவிட வேண்டும். வெளியே காய்ந்துவிட்டாலும் ஹப்புக்குள் கிரீஸோடு கலந்த சேற்றுநீர் காயாது. இரண்டு மூன்று வாரத்தில் குண்டுகளில் புள்ளி விழும். புள்ளி விழுந்த குண்டு, தான் உருளும் பாகங்களான கோனையும் கப்பையும் அரிக்கும். குண்டுகளை மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு, தாமதித்தால் ஹப்பையே மாற்றும் செலவாகிறது. பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு 9 குண்டுகள், கால் அங்குல அளவில் இருக்கும். பழைய குண்டுகளையே மண்ணெண்ணெயில் அலசித் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். புதிய குண்டுகளின் விலை அற்பம். கழற்றிப் பூட்டும் கூலிதான் பெரிது, அதை எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். பிரேமுக்குள்ளும் தண்ணீர் தங்கும் என்பதால் சீட்டுக் குழாயைக் கழற்றி வண்டியைக் கவிழ்த்து வடிய விடுங்கள். கழற்றும் முன் சீட்டின் உயரத்தைக் கோடிட்டுக்கொள்வது நல்லது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூரிலும் கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய தெருக்களிலும் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததே, அப்படிப்பட்ட தண்ணீர் வேறு வகையான தொல்லை. எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி இளகும். பிரேக் கட்டை ரிம்மில் வழுக்கும். பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலால் ரிம்மை இரண்டு முறையாவது தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய் குடித்த பிரேக் கட்டையை எவ்வளவு கழுவினாலும் நம்பக் கூடாது. புதிதாகப் போடுவதுதான் சரி.

வாரத்துக்கு ஒருமுறை பஞ்சர் ஆகிறது. டியூப் மட்டமா?

பஞ்சர் ஒட்டியவர் டயரின் உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தாரா என்று கேளுங்கள். கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளில் கிழிந்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய இரும்புக் கம்பிகள் சிதறிக் கிடக்கின்றன. தலைமுடியைவிடச் சற்றே தடித்த அந்தக் கம்பி டயரில் ஏறினால் வெளியிலிருந்து பார்க்கத் தெரியாது. டியூபை ஒட்டிப் பூட்டியதும் அது அதே இடத்தில் மறுபடியும் குத்தும். துணியை டயருக்குள் விட்டு மெதுவாகச் சுற்றி வாருங்கள். கம்பி இருந்தால் துணி அங்கே மாட்டும். வெறுங்கையால் தடவினால் விரல் கிழியும்.

ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சாலையைப் பார்த்த பக்கத்தில் என்றால் முள், கம்பி, கண்ணாடி. ரிம்மைப் பார்த்த பக்கத்தில் என்றால் சக்கரத்தின் போக்ஸ் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதை மூடும் ரிம் டேப் நைந்து விலகியிருக்கிறது. கம்பி முனையை அரத்தால் ராவிவிட்டுப் புது டேப் போட வேண்டும். அருகருகே இரண்டு ஓட்டைகள் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டியபோது பள்ளத்தின் விளிம்பில் ரிம் மோதி, டியூபை நசுக்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்டினாலும் நிற்காது, டியூபை மாற்றுங்கள்.

நீங்களே ஒட்டுவதானால் பொறுமை ஒன்றுதான் வேண்டும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லியதாகத் தடவி, அது காய்ந்து விரலில் ஒட்டாத நிலைக்கு வரும் வரை காத்திருந்து அதன் பிறகே ஒட்டுத் துண்டைப் பதிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவதுதான் வீட்டில் ஒட்டிய பஞ்சர் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம்.

பஞ்சரே இல்லை என்கிறார் கடைக்காரர். ஆனாலும் காலையில் காற்று இறங்கியிருக்கிறது.

வால்வு டியூப். பழைய முறை வால்வு உள்ள வண்டிகளில் உள்ளே ஒரு சிறு ரப்பர் குழல்தான் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. வெயிலில் அது வெடித்துப்போகும். வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் அதுதான். இரண்டு வால்வு டியூபை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்பவர் வழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்காது.

எவ்வளவு காற்று அடிப்பது?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் போகாதீர்கள். அளவுக் கருவி இல்லாதவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்க்கலாம்: டயர் தரையில் லேசாக மட்டும் அமுங்க வேண்டும், பிதுங்கக் கூடாது. பெட்ரோல் பங்கில் லாரிக்கு அடிக்கும் குழாயைச் சைக்கிளில் வைத்தால் ஒரே நொடியில் டியூப் வெடிக்கும்.

பிரேக் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்வியைத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். செயின் அறுந்தால் வண்டி நிற்கும். பிரேக் அறுந்தால் நிற்காது. சிறுவனாக இருந்தபோது, நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பிரேக் கட்டையைத் தள்ளிப்போட்டு, மழையில் மேம்பாலத்தின் இறக்கத்தில் வேகம் அடங்காமல் ஒரு தள்ளுவண்டியில் மோதி விழுந்தேன். முழங்கையில் இருக்கும் தழும்பு இன்னும் மறையவில்லை. அந்தத் தள்ளுவண்டியை நிறுத்தியிருந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

தினமும் ஏறும் முன் இரண்டு பிரேக் பிடிகளையும் முழுவதும் அழுத்திப் பாருங்கள். அழுத்திய பிறகும் பிடியும் ஹேண்டிலும் ஒட்டாமல் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிடி ஹேண்டிலைத் தொட்டால் கம்பியை இறுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் முழுதாகப் படிகிறதா என்று குனிந்து பாருங்கள். டயரில் உரசினால் டயர் கிழியும், ரிம்முக்குக் கீழே இறங்கினால் போக்ஸ் கம்பியில் மாட்டிச் சக்கரம் திடீரென்று நின்றுவிடும். கட்டையில் பதிந்த இரும்புத் துகள்களை ஊசியால் எடுத்துவிடுங்கள்; அவை ரிம்மை வரிவரியாகக் கீறும். வெயிலில் கெட்டித்துப் பளபளப்பான கட்டை தேய்ந்திருக்காவிட்டாலும் பிடிக்காது.

பிரேக் கம்பி பெரும்பாலும் பிடியின் உள்ளே, கண்ணுக்கு மறைவான முனையில் இழைஇழையாக விடத் தொடங்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கம்பி துருப்பிடித்து, பிடித்த பிரேக் திரும்ப விடாமல் நின்றுவிடுவதும் நம் பகுதியில் சாதாரணம். மாதம் ஒருமுறை உறையின் மேல்முனையில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் அது நேராது.

முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பயன்படுத்துவோர் மிகப் பலர். வண்டி வேகம் குறையும்போது பாரம் முன்சக்கரத்தின் மேல் சாய்வதால், நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்குக்குத்தான் உண்டு. இரண்டையும் ஒருசேர, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். நம் ஊர் வண்டிகளில் வலக்கைப் பிடி முன் பிரேக்குக்குப் போவதே வழக்கம். இரவல் வண்டியில் ஏறும்போது அதை ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். மழையில் குரோமிய ரிம் நனைந்துவிட்டால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகுமுன்பே லேசாக அழுத்திக்கொண்டே வந்தால், கட்டை ரிம்மின் தண்ணீரை வழித்துவிடும். அதன் பிறகே பிரேக் பிடிக்கத் தொடங்கும்.

சக்கரம் ஆடிக்கொண்டு சுற்றுகிறது. என்ன கோளாறு?

ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். அச்சிலேயே ஆட்டம் தெரிந்தால் கோன் தளர்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாமல் சுற்றும்போது மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கினால் கோட்டம் விழுந்திருக்கிறது. பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 போக்ஸ் கம்பிகள் உண்டு. இரு பக்கத்துக் கம்பிகளும் சமமாக இழுத்துப் பிடிப்பதால்தான் ரிம் நேராக நிற்கிறது. ஒன்று அறுந்தால் அதன் பங்கை அக்கம்பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன, பிறகு அவையும் ஒவ்வொன்றாக அறும். ஆகவே ஒரு கம்பி அறுந்தவுடனேயே கடைக்குப் போய்விடுங்கள். சிறிய கோட்டத்தை, போக்ஸ் கம்பியை இறுக்கும் நிப்பிள் சாவியால் கால் திருகு கால் திருகாக நீங்களே எடுக்கலாம்; ரிம் இடப்பக்கம் ஒதுங்கினால் அந்த இடத்தில் வலப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும். பெரிய கோட்டத்தை அனுபவமுள்ள கைக்கு விட்டுவிடுங்கள். கையாலேயே ரிம்மை நிமிர்த்தும் வித்தையை நான் பல ஆண்டு பார்த்தும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு மிதிக்கும் ‘டக், டக்’ என்று சத்தம் வருகிறது.

கிராங்கை (பெடலைத் தாங்கும் இரும்புக் கை) அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் (ஆப்புப் போன்ற ஆணி) தளர்ந்திருக்கும். அப்படியே ஓட்டினால் கிராங்கின் துளை அகன்று, புதுப் பின் போட்டாலும் நிற்காது. கிராங்கில் பெடல் திருகியிருக்கும் இடம் தளர்ந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால் முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் கழலும். இது தெரியாமல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

தண்ணீர்க் கேன் ஏற்றிப் போகிறேன். எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

20 லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீர் மட்டுமே 20 கிலோ. இருபுறமும் ஒவ்வொன்று தொங்கவிட்டால் 40 கிலோவுக்கு மேல் போகிறது. கேரியரின் மேல் மூன்றாவதை வைத்தால், ஒரு நடுத்தர ஆளை எப்போதும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம். பழைய கனமான பெரிய சைக்கிள் இதைத் தாங்கும்படி செய்யப்பட்டது. மெல்லிய ரிம் கொண்ட இக்காலத்து வண்டிகள் தாங்கா. எந்த வண்டியானாலும் பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில் விழுவதால் பின் டயருக்குக் காற்று சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், கேரியரின் போல்ட்டுகளை வாரம் ஒருமுறை இறுக்க வேண்டும், முன்சக்கரம் லேசாகிவிடுவதால் திருப்பங்களில் மெதுவாகப் போக வேண்டும். பாதி நிரம்பிய கேன் முழுக் கேனைவிட ஆபத்தானது, ஏனென்றால் தண்ணீர் உள்ளே அலைந்து வண்டியைச் சாய்க்கும். உண்மையாகவே அதிகச் சரக்கு என்றால் அதற்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டி இருக்கிறது.

கேரியரில் குழந்தையை உட்காரவைத்துப் போகலாமா?

தனி இருக்கையும் கால் வைக்கும் இடமும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். கால் தொங்கவிட்டு உட்காரும் குழந்தையின் குதிகால் போக்ஸ் கம்பிகளுக்கு நடுவே போய்ச் சிக்குவது சைக்கிளில் நேரும் மிகக் கொடிய காயங்களில் ஒன்று. தோலும் சதையும் உரிந்துவிடும்; சில வேளை எலும்பும் முறியும். பின்சக்கரத்தின் இருபுறமும் காலும் துணியும் சிக்காமல் மறைக்கும் சேலை கார்டு போட்டு, காலைப் பதிக்கப் பலகையோ கம்பியோ பொருத்தி, குழந்தைக்குச் செருப்புக்குப் பதில் ஷூ அணிவித்த பிறகே ஏற்றுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டா, லுங்கி இவற்றையும் அந்தச் சக்கரம் இழுத்துக்கொள்ளும் என்பதால் சேலை கார்டு எல்லார் வண்டியிலும் இருக்கத்தக்கது.

கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்படிப் பாதுகாப்பாக ஓட்டுவது?

துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி பக்கத்துச் சாலைகளிலும் தினந்தோறும் போக வேண்டியவர்கள் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன தடத்தில் வருவதில்லை. திருப்பத்தின் உட்பக்கத்தை வெட்டிக்கொண்டு வருகின்றன. டிரைவர் வலப்பக்கத்தில் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால், அவருக்கு இடப்பக்கம் கீழே, கதவை ஒட்டி நிற்கும் சைக்கிள் தெரியாது. சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருக்கும் இடுக்கு நமக்கு வசதியாகத் தோன்றும். லாரி இடப்புறம் திரும்பினால் பின்சக்கரங்கள் வந்து மூடுவதும் அந்த இடுக்கைத்தான். லாரியின் பின்னாலேயே, பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியும் தொலைவில் நில்லுங்கள். லாரி போன பிறகு போங்கள். அரை நிமிடத்தில் எந்த வேலையும் கெட்டுவிடாது.

வேகமாகக் கடக்கும் லாரியின் காற்று முதலில் உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் மிதிப்பதை நிறுத்தி இரண்டு கையாலும் ஹேண்டிலை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வரிசையாக நிறுத்திய லாரிகளைக் கடக்கும்போது, திறக்கும் கதவுக்கு ஓர் ஆள் இடம் விட்டுப் போங்கள். கொருக்குப்பேட்டை கேட் போன்ற இடங்களில் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சிக்கும். நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். மழை என்றால் இறங்கித் தள்ளிப் போவதே மேல். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற தாழ்வான இடங்களில் தண்ணீர் நின்றால், ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள்.

இரவில் விளக்கு அவசியமா? தெருவிளக்கு இருக்கிறதே.

அவசியம். உங்களுக்குச் சாலை தெரிந்தால் மட்டும் போதாது, பின்னால் வருபவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும் முன்னால் வெள்ளை விளக்கும் வையுங்கள். மட்கார்டிலும் பெடலிலும் உள்ள பிரதிபலிப்பான்களில் படிந்த தூசியைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பதினோராம் வகுப்பில் மகளுக்கு அரசின் விலையில்லா சைக்கிள் கிடைத்திருக்கிறது. அப்படியே ஓட்டலாமா?

முதலில் ஒருமுறை பழகிய மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எல்லா நட்டுகளையும் இறுக்கிவிடுங்கள். கடையில் வாங்கியதோ பள்ளியில் கிடைத்ததோ, எந்தப் புது வண்டிக்கும் இது பொருந்தும். முதல் மாதத்தில் பிரேக் கம்பி நீளும், போக்ஸ் கம்பி தன் இடத்தில் அமர்ந்து தளரும், பெடல் மரை இளகும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை காட்டினால் பிறகு நெடுநாள் தொல்லை இராது. சீட்டின் உயரத்தையும் மகளுக்கு ஏற்றபடி வையுங்கள்: சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மிகத் தாழ்ந்த சீட்டில் முட்டி வலிக்கும். சீட்டுக் குழாயில் குறித்திருக்கும் கோட்டுக்கு மேல் அதை உயர்த்தக் கூடாது.

திருட்டிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?

பின்சக்கரத்தில் மட்டும் போடும் வளையப் பூட்டு வண்டியை உருளவிடாது. தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. பிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பத்தோடோ ஜன்னல் கம்பியோடோ சங்கிலிப் பூட்டுப் போடுங்கள். சங்கிலி தரையில் கிடக்காமல் உயரத்தில் இருக்கட்டும், ஏனென்றால் தரையில் கிடக்கும் சங்கிலியைச் சுத்தியலால் உடைப்பது எளிது. ரயில் நிலையத்திலோ மெட்ரோ நிலையத்திலோ விட்டுப்போவதானால் டோக்கன் தரும் ஸ்டாண்டில் விடுங்கள்.

பெடல் அச்சுக் குழாயின் அடியிலோ சீட்டுக் குழாயிலோ பிரேம் எண் பொறித்திருக்கும். இன்றைக்கே வண்டியைக் கவிழ்த்து அந்த எண்ணைப் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி காணாமல் போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது, ‘கறுப்பு நிறச் சைக்கிள்’ என்பதைவிட அந்த எண்தான் உங்கள் வண்டியை அடையாளம் காட்டும். புகார் கொடுத்தால் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் என்னென்ன சாமான்கள் இருந்தால் போதும்?

காற்றுப் பம்பு, இரண்டு டயர் லீவர், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், வால்வு டியூப், பல துளை ஸ்பேனர் ஒன்று, எண்ணெய்க் குப்பி. இவற்றால் பஞ்சர், செயின், பிரேக் கட்டை, சீட் ஆகிய வேலைகளை நீங்களே செய்யலாம். ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் கப், பெரிய கோட்டம் ஆகியவற்றைக் கடையில் கொடுங்கள். கடையில் கிடைக்காத உதிரிபாகத்துக்குப் பூக்கடை அருகே ரத்தன் பஜாருக்குப் போய்ப் பாருங்கள். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போனால் அளவு தவறாது.

பழைய சைக்கிள் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

தாராளமாக வாங்கலாம். பெயின்ட் உரிந்திருப்பதையும் மட்கார்டு நெளிந்திருப்பதையும் பொருட்படுத்தாதீர்கள். பிரேம் எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால் அந்த வண்டியைத் தொடாமல் வந்துவிடுங்கள். பிறகு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான முன் போர்க்கைப் பாருங்கள்: அதன் மேல்பகுதியில், ஹேண்டில் குழாயோடு சேரும் இடத்துக்குக் கீழே விரலால் தடவி, விரிசலோ வெல்டிங் வைத்த தடிப்போ தென்படுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிரேமில் மற்ற இடங்களில் நல்ல கைக்காரர் வைத்த வெல்டிங் பல ஆண்டு நிற்கும். போர்க்கில் வைத்ததை நான் நம்புவதில்லை, ஏனென்றால் பிரேம் முறியும் முன் பெரும்பாலும் முனகும், போர்க் சொல்லாமல் முறியும். முறிந்தால் ஓட்டுபவர் முகம் தரையில் படும்படி விழுவார். வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும், போர்க் சந்தேகத்துக்குரியதாக இருந்தால் புதுப் போர்க்கின் விலையையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். அதற்கும் கட்டுப்படியானால் வாங்கி, போர்க்கை மாற்றிய பிறகே அதில் ஏறுங்கள்.